முருங்கையிலை

பெருமை பேசுவது மனிதர்க்கு இயல்பு. செல்வமுடையோர் தம் காரைப் பற்றிப் பேசுவர். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பியோர் அவ்விடத்துப் பனியைப் பற்றிப் பேசுவர். இவ்விரண்டும் வாய்க்கப்பெறாத ஓர் ஆசிரியன் தன் வளவிற் காய்த்த கத்தரிக்காயைப் பற்றிப் பேசுவானாயின் அதனைப் பெருங் குற்றமென்று எவரும் கொள்ளார். ஆயினும் அப்பேச்சு அளவு கடந்தபோது எமக்கு நேர்ந்த சங்கடம் ஒன்றுண்டு. அதனையே இங்கு சொல்லப் புகுந்தோம்.

எமது வளவு கோண்டாவிற் பக்கத்தில், செம்மண் நிலத்தில், இரண்டு பரப்புக் கொண்டது. எமது தந்தையார் காலத்தில் அதில் மரவள்ளியும் மிளகாயும் கத்தரியும் விளைந்தன. நாம் பட்டம் பெற்று உத்தியோகத்தில் அமர்ந்த பின்னர் அதிற் புல் விளைந்தது. மாலை வேளைகளிற் பிறர் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்ல நேரம் இருந்ததேயன்றி மண்ணைக் கொத்த நேரம் இருக்கவில்லை. சந்தை அருகில் இருந்தது. மாத முடிவிற் சம்பளமும் வந்தது.

2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டதையும், நவம்பரில் அத்தடை நீக்கப்படுவதற்குள் விளைச்சல் வீழ்ந்துவிட்டதையும், 2022 இல் எரிவாயுவும் எரிபொருளும் காணக் கிடையாப் பொருள்களானதையும், அவ்வாண்டு மார்ச்சு இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டதையும் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஜூன் மாதத்தில், அரசாங்க உத்தியோகத்தர் வீட்டுத்தோட்டஞ் செய்வதற்கென வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளிப்பதென்று தீர்மானமாயிற்று. ஜூலையில் எரிபொருள் இன்மையாற் பாடசாலைகளும் மூடப்பட்டன. வெண்கட்டி பிடித்துப் பழகிய எமது கை மண்வெட்டி பிடித்தது அப்பொழுதுதான்.

முதற்போகம் எமக்கு நல்ல பாடம் படிப்பித்தது. வகுப்பறையிற் பிள்ளைகளை இருத்துவதுபோல மிளகாய்க் கன்றுகளை நெருக்கி நட்டோம். அவை ஒன்றையொன்று நெரித்து, வெண்ணீ பிடித்து, இலை சுருண்டு நின்றன. கத்தரியிற் காயிலும் பார்க்கப் புழுவே கூடுதலாக விளைந்தது. எழுபதைக் கடந்த எமது அன்னையார் திண்ணையில் இருந்தபடியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. பட்டதாரி மகனுக்குப் பாடஞ் சொல்லுவதில் அவருக்கு ஒரு கூச்சம் இருந்திருக்கலாம். மூன்றாம் மாதம் அவரே எழுந்து வந்தார்.

“குழை தாட்டால்தானே தம்பி, இந்த மண்ணிலை ஏதும் விளையும்?” என்றார்.

பூவரசங் குழையும் வேப்பங் குழையும் வெட்டிப் பாத்தியில் தாட்டு, மேலே மாட்டெருப் பரப்பி, அது உக்கிய பின்னரே கன்று நடவேண்டும் என்பது எம்மூரின் பழைய வேளாண்மைப் பாடம். பசளை மூட்டை வந்த பின்னர் அப்பாடம் மறக்கப்பட்டது. மூட்டை வராதுபோனபோது அதனை நினைவிலே வைத்திருந்தோர் அம்மாவைப் போன்ற சிலரே. அன்று முதல் அவர் ஆசிரியர், நாம் மாணாக்கர். மோட்டருக்கு மின்சாரம் இல்லாத வேளைகளில் வாளியால் அள்ளி வார்த்தோம். 2024 ஆம் ஆண்டுத் தைக்குள் எமது வளவில் மரவள்ளி, பயற்றை, பூசணி, கத்தரி, மிளகாய், மஞ்சள் ஆகியன நின்றன. பலா ஒன்றும் தென்னை மூன்றும் பனை இரண்டும் முன்னமே உண்டு. எமக்குத் தலைக்கனம் ஏறியதும் அக்காலத்திற்றான்.

ஆசிரியர் ஓய்வறையில் எம்முடன் வழமையாகத் தேநீர் அருந்துவோர் மூவர். ஒருவர் கணிதம் கற்பிப்பவர். எதனையும் கூட்டிக் கழித்துப் பாராமல் விடமாட்டார். மற்றவர் இரசாயனம் கற்பிப்பவர். தீவுப்பகுதியைச் சேர்ந்தவர், உணவிற் பிரியம் மிக்கவர். மூன்றாமவர் ஓய்வுபெற்ற பின்னரும் பழக்கம் விடாமல் வாரத்துக்கு ஒருமுறை வந்துபோகும் சித்திர வாத்தியார். இம்மூவர் முன்னிலையில் ஒருநாள், “எமது வளவில் விளைந்ததைத் தவிர வேறெதுவும் கலவாமல் உங்களுக்கு ஓர் இராப்போசனம் தருவோம்” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டோம். கணித நண்பர் உடனே தாளும் பேனையும் எடுத்தார்.

“உப்பு?”

உப்பு ஆனையிறவிலிருந்து வருவது. எமது வளவில் உப்பளம் இல்லை என்பதை ஒப்புக்கொண்டோம்.

“அரிசி?”

இரண்டு பரப்பில் வயல் ஏது? அதனையும் ஒப்புக்கொண்டோம். புளியும் வெளியிலிருந்தே வரவேண்டும் என்பது மூன்றாவதாகத் தெரியவந்தது. “மூன்று பொருள் நீங்கலாக” என்று அவர் தாளில் எழுதி, எம்மிடம் கையொப்பமும் வாங்கிக்கொண்டார். முருங்கையைப் பற்றி அவர் கேட்கவில்லை. நாமும் நினைக்கவில்லை.

எல்லோருமாகச் சேர்ந்து சமைத்து உண்பதற்கு ஒடியற் கூழைப் போன்ற உணவு யாழ்ப்பாணத்தில் வேறொன்று இல்லை என்பது எமது துணிபு. இதனை ஆடிப்பிறப்புக்குக் காய்ச்சும் இனிப்புக் கூழோடு இளந்தலைமுறையினர் சிலர் மயங்குகின்றனர். அது வேறு, இது வேறு. அது சர்க்கரையும் பயறும் சேர்ந்து சாந்தமானது. இது மிளகாயும் புளியும் சேர்ந்து மூக்கால் நீர் வடிக்கச் செய்வது. மீனும் நண்டும் இறாலும் இட்டுக் காய்ச்சுவதே பெரும்பான்மை வழக்கு. எமது வீட்டில் மச்சம் புழங்குவதில்லையாதலாற் சைவக் கூழே காய்ச்சுவோம். “நண்டில்லாக் கூழ், சந்தமில்லாப் பாட்டு” என்று இரசாயன நண்பர் முணுமுணுத்தார். ஆயினும் வருவதாக ஒப்புக்கொண்டார்.

ஒடியல் மா எமது வளவிலே விளைந்ததுதான். முந்திய ஆண்டிற் பனம் விதைகளை அம்மா பாத்தியில் அடுக்கி மண்ணிட்டு வைத்தார். தையிற் கிழங்கு கிண்டினோம். அவித்துக் காயவைத்தாற் புழுக்கொடியல். பச்சையாகவே கிழித்துக் காயவைத்தால் ஒடியல். பங்குனி வெயிலிற் கூரைமேல் காய்ந்து, கொம்புபோல இறுகிய ஒடியலை இடித்து, அரித்து, போத்தலில் அடைத்து வைத்திருந்தார். அந்த மாவில் ஒரு கசப்பு உண்டு. நீரில் ஊறவைத்து, மா அடியில் தங்கிய பின்னர் மேல் நீரை வடித்து ஊற்றி, மீண்டும் நீர் விட்டு மீண்டும் வடித்தால்தான் அது நீங்கும். அவசரக்காரருக்கு உரிய சமையல் அன்று இது.

ஆனி மாதத்து ஒரு சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு நண்பர்கள் வந்தனர். கிணற்றடிக்கு அப்பால் மூன்று கற்கள் வைத்து, பனைமட்டையும் காவோலையும் பொச்சுமட்டையும் கொண்டு நெருப்பு மூட்டினோம். எமது இல்லாள் பெரிய பானையை ஏற்றி, ஒரு சுண்டு அரிசியைக் கழுவி இட்டாள். மகள் பலாக்கொட்டைகளின் தோலை உரித்தாள். சித்திர வாத்தியார் பயற்றங்காயை ஓரங்குல நீளமாக, ஒன்றுபோல் ஒன்று இருக்கும்படி, முறித்துக்கொண்டிருந்தார். அவர் முறித்து முடிப்பதற்குள் அரிசி அரைவேக்காடு ஆகிவிட்டது. மரவள்ளியைக் கிண்டும் பொறுப்பு இரசாயன நண்பருக்கு. கிழங்கை மண்ணோடு தூக்கிப் பிடித்துக்கொண்டு, இதனை ஏன் மூடாமல் அவிக்க வேண்டும் என்பதைப் பற்றி ஒரு சிறு விரிவுரை நிகழ்த்தினார். அதிலிருந்து பிறக்கும் ஐதரசன் சயனைட்டு ஆவியாகி வெளியேற வழி விடவேண்டுமாம். மரவள்ளிக்கு இஞ்சி ஏன் ஆகாது என்பதையும் விளக்கத் தொடங்கினார். “காரணம் கிடக்கட்டும் தம்பி, இஞ்சி கிட்டவும் வரப்படாது” என்று அம்மா முடித்துவிட்டார்.

பிளாக் கோலுவது எமது பங்கு. பிளா என்பது பனையோலையை மடித்துக் கட்டிய குடிகலம். கூழைப் பீங்கானிற் குடிப்பது கோவிலுக்குச் சப்பாத்தோடு போவது போன்றது. நாம் ஏழு பிளாக் கோலினோம். மகள் ஒவ்வொன்றிலும் நீர் வார்த்துப் பார்த்தாள். ஏழும் ஒழுகின. “சிரட்டை இருக்குதுதானே அப்பா” என்று அவள் ஆறுதல் சொன்னாள்.

பலாக்கொட்டையும் மரவள்ளியும் பயற்றங்காயும் வெந்து, பானையிலிருந்து நல்ல வாசனை எழும்பிய வேளை. செத்தல் மிளகாயும் மஞ்சளும் அரைத்த கூட்டையும், கரைத்த புளியையும், ஒடியல் மாவையும் இல்லாள் ஒன்றாகக் கலக்கிக்கொண்டிருந்தாள். அம்மா அகப்பையை வாங்கிப் பானையை ஒருமுறை துழாவிவிட்டு எம்மை நிமிர்ந்து பார்த்தார்.

“தம்பி, முருங்கையிலை எங்கை?”

எமக்குப் பகீரென்றது. எமது வளவில் நின்ற முருங்கையில் முந்திய மார்கழி மழையில் மயிர்க்கொட்டி அப்பி, சுவரெல்லாம் ஊர்ந்து, மகளின் கழுத்திலும் பட்டுத் தடித்துவிட்டது. அன்றைய கோபத்தில் மரத்தை அடியோடு தறித்துவிட்டோம். அதனை அடியோடு மறந்தும்விட்டோம். முருங்கையிலை இடாத கூழ் கூழாகாதென்பதை இவ்வூரில் எவர்க்கும் சொல்லத் தேவையில்லை. சந்தைக்குப் போய் வாங்கலாமென்றால் நேரம் ஆறரை ஆகிறது. கணித நண்பரின் தாளில் எமது கையொப்பமும் இருக்கிறது.

சித்திர வாத்தியார் தலையை உயர்த்தி மேற்குப் பக்கம் பார்த்தார். எல்லோரும் பார்த்தனர். அங்கே எமது மதிலுக்கு அப்பால் ஒரு பெரிய முருங்கை. அதன் கொப்பொன்று மதிலைத் தாண்டி எமது பக்கம் சாய்ந்து, இலையும் பூவுமாக நின்றது.

“எங்கடை ஆகாயத்திலைதானே நிக்குது. பிடுங்கினால் என்ன?” என்றார் கணித நண்பர்.

“அதிலை கை வைக்க ஏலாது” என்றோம்.

எமது குரலில் இருந்தது நண்பர்களுக்குப் புரியவில்லை. புரிவதற்கு அம்மதிலின் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். அதனை நாம் ஓய்வறையில் ஒருபொழுதும் பேசியதில்லை.

மதிலுக்கு அப்பால் இருப்பவர் எமது பெரிய தந்தையாரின் மூத்த மகன். எம்மிலும் பதினாறு வயது மூத்தவர். வீட்டிற் பெரியதம்பி, எமக்குப் பெரியண்ணை. ஒரே வளவு இரண்டாகப் பிரிந்து, நடுவே கிளுவையும் பூவரசும் கொண்ட வேலி ஒன்று இருந்தது. வேலியிற் பெண்களும் பிள்ளைகளும் போய்வர ஒரு பொட்டு இருந்தது. 1990 முதலான ஆண்டுகளில் மண்ணெண்ணெயும் உரமும் பற்றரியும் குடாநாட்டுக்கு வராமல் தடுக்கப்பட்டிருந்த காலத்தில், போத்தல் விளக்கு வெளிச்சத்தில், இரு வீட்டாருக்கும் ஒரே பானையிற் கூழ் காய்ந்தது. பத்து வயதுச் சிறுவனாகிய எமக்குப் பிளாக் கோலக் கற்பித்தவர் பெரியண்ணை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்து மக்கள் அனைவரும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது அம்மாவின் பெட்டியைத் தம் தலையில் வைத்து நடந்தவரும் அவரே. 1996 இல் திரும்பி வந்து பார்க்கையில் எமது வீட்டுக்குக் கூரை இல்லை; கிணற்றில் ஓடும் மரமும் கிடந்தன. அவர் வளவில் மரவள்ளியும் முருங்கையும் மட்டும் தப்பி நின்றன. மூன்று மாதம் எமது உலை அவற்றாலேயே கொதித்தது.

2012 இல் வேலியடைப்பு அவருடைய முறை. அடைத்து முடிந்த பின்னர், கதியால்கள் எமது பக்கம் ஓரடி நகர்ந்துவிட்டன என்று நாம் கருதினோம். நகர்ந்தது கதியாலா எமது கண்ணா என்பது இன்று எமக்கே ஐயமாக உள்ளது. பேச்சு முற்றியது. நில அளவையாளர் வந்தார். நாம் கடன்பட்டு 2013 இல் நூறடி நீளத்துக்கு மதில் எழுப்பினோம். அதன் முடியிற் போத்தல் ஓடும் பதித்தோம். அவர் வழக்கு வைத்தார். அன்று முதல் பேச்சில்லை.

நூறடி நீளம், ஓரடி அகலம். பரப்புக்குப் பதினெட்டுக் குழி. சண்டைக்குரிய நிலம் முக்காற் குழிக்கும் குறைவானது என்பதை எமது கணித நண்பர் பின்னர் மனக்கணக்கிலேயே சொன்னார்.

2019 இல் அவருடைய மனைவி காலமானார். எமக்குச் சோறு ஊட்டிய மச்சாள் அவர். நாம் செத்தவீட்டுக்குப் போனோம். போனோமென்று சொல்லுவதிலும் பார்க்க, பந்தலின் ஓரத்திற் கால்மணி நேரம் அயலூரார்போல நின்றுவிட்டு வந்தோம் என்பதே உண்மை. பங்காளியாதலால் முப்பத்தொரு நாளும் துடக்குக் காத்தோம், கோவிலுக்குப் போகவில்லை. துடக்கு மாத்திரம் மதிலைத் தாண்டி வந்தது. அவருடைய பிள்ளைகள் இருவரும் கனடாவுக்குத் திரும்பிப் போயினர். அதன் பின்னர் அப்பக்கத்தில் இரவிலே ஒரு விளக்குத்தான் எரியும்.

இவற்றையெல்லாம் நண்பர்களிடம் எவ்வாறு சொல்லுவது? நாம் நெருப்பைப் பார்த்தபடி நின்றோம். அம்மா அகப்பையை இல்லாளிடம் கொடுத்துவிட்டு, முந்தானையிற் கையைத் துடைத்துக்கொண்டு, மதிலடிக்குப் போனார். பொழுதுபட்டபின் மரத்திற் கை வைக்கலாகாது என்பது அவர் கொள்கை. சூரியன் அப்பொழுதும் வேம்பின் இடுக்கில் ஒரு துண்டு நின்றது.

“பெரியதம்பி!” என்று கூப்பிட்டார்.

பதினொரு ஆண்டுகளாக அம்மா அப்பெயரை எமது முற்றத்தில் உரத்துச் சொன்னதில்லை. மகனின் பக்கம் நிற்பதே தாயின் கடனென்று அவர் எண்ணியிருந்தார் போலும். மறுமொழி உடனே வரவில்லை. இரண்டாம் முறை கூப்பிடுவாரோ மாட்டாரோ என்று நாம் பார்த்துக்கொண்டிருக்க, மதிலுக்கு அப்பால் சருகு மிதிபடும் ஓசை கேட்டது.

“என்ன சின்னம்மா?”

“கூழ் வைக்கிறம் மோனை. முருங்கையிலை இல்லை.”

சிறிது நேரம் அமைதி. பின்னர் அவர், “முன்னமே கேட்டிருக்கலாமே, சின்னம்மா” என்றார்.

அவர் பொழுதுபடுவதற்கு முன்னமே என்ற பொருளிற் சொன்னாரோ, வேறு பொருளிற் சொன்னாரோ, நாமறியோம். அம்மா மறுமொழி சொல்லவில்லை. கத்தியால் வெட்டும் ஓசை நாலைந்து முறை கேட்டது. எமது பக்கம் சாய்ந்து நின்ற கொப்பு, கைம்மொத்தம் உள்ள அடிக்கட்டையோடு, போத்தல் ஓடுகளை உராய்ந்துகொண்டு எமது முற்றத்தில் வந்து விழுந்தது.

“எத்தனை பேர்?” என்று அப்பாலிருந்து கேட்டார்.

“ஏழு பேர், மோனை.”

அவ்வளவுதான் பேச்சு. கணித நண்பர் தம் சட்டைப்பையிலிருந்த தாளை எடுத்தார். எடுத்தவர், எழுதாமலே மடித்து உள்ளே வைத்துக்கொண்டார். மகளும் சித்திர வாத்தியாரும் இலை உருவத் தொடங்கினர். ஒருவரும் எம்மை ஒன்றும் கேட்கவில்லை. நல்ல நண்பர்கள்.

இலையைப் பானையில் இட்டு, அது பச்சை மாறாமல் வாடியவுடன் மாக் கரைசலை ஊற்றி, அடிப்பிடியாமல் துழாவவேண்டும். அந்தப் பத்து நிமிடமும் துழாவுகிறவர் அப்பால் இப்பால் அசையலாகாது. இரசாயன நண்பர் அகப்பையைத் தாம் வாங்கிக்கொண்டார். கண்ணிற் புகை பட்டு நீர் வழிய வழியத் துழாவினார். கூழ் தடித்து, “பொளக், பொளக்” என்று குமிழி விட்டது. உப்புப் பார்த்தவர் அம்மா. பார்த்துவிட்டு முதற்காரியமாகத் தூக்குச்சட்டியை எடுத்து அதை நிறைத்தார், எம்மிடம் நீட்டினார்.

“கொண்டுபோய்க் குடு.”

மதிலின் மேலால் நீட்டிவிடலாமென்று எமக்கு ஓர் எண்ணம் தோன்றியது. போத்தல் ஓடு எமது கைவேலை என்பது அடுத்த கணம் நினைவுக்கு வந்தது. எமது படலை கிழக்கு ஒழுங்கையிலும் அவருடைய படலை மேற்கு ஒழுங்கையிலும் திறப்பன. பொட்டிருந்த காலத்திற் பத்து அடியாயிருந்த தூரம், வீதியைச் சுற்றிப் போனால் முந்நூறு யார். சுடும் சட்டியைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரமும் நடந்தோம். என்ன சொல்லுவது என்று வழியில் மூன்று வாக்கியம் அமைத்துப் பார்த்தோம். தமிழ் கற்பிக்கும் ஒருவனுக்கு அந்த மூன்றில் ஒன்றுகூட உகந்ததாக அமையவில்லை.

படலை திறந்திருந்தது. பெரியண்ணை திண்ணையில் இருந்தார். முன்னிலும் மெலிந்திருந்தார். அவர் காலடியிற் பச்சை ஓலைச் சீவல்கள் கிடந்தன. பக்கத்திலே பிளாக்கள் ஒன்றின்மேல் ஒன்றாய் அடுக்கியிருந்தன. நாம் போகுமுன்னரே கோலி முடித்துவிட்டார். எண்ணிப் பார்த்தோம். எட்டு.

“வா. இரு” என்றார்.

இருந்தோம். அவர் ஒரு பிளாவை எடுத்து நீட்டினார், நாம் வார்த்தோம். ஊதி ஊதிக் குடித்தார். முதற் பிளா முடியுமட்டும் ஒன்றும் பேசவில்லை. பின்னர், “கூழ் குடிச்சு அஞ்சு வருஷம். இவ போனாப் பிறகு ஆர் காய்ச்சிறது?” என்றார். கூழ் ஒருவருக்காகக் காய்ச்சும் உணவன்று. அது எமக்குத் தெரிந்ததுதான். மதிலுக்கு இப்பாலிருந்து அதனை நாம் ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை.

செத்தவீட்டில் நின்ற விதத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தோம். “அண்ணை, மச்சாளின்ரை...” என்று தொடங்கினோம். அவர் கையை அசைத்தார். “உறைப்புக் காணும். புளி கொஞ்சம் கூட. சின்னம்மாவுக்கு நாக்கு மரத்துப்போச்சுது” என்றார். பின் அடுக்கிலிருந்த ஏழு பிளாக்களையும் எடுத்து எம்மிடம் தந்தார். “நீ கோலினது ஒழுகியிருக்குமே.”

“ஓம் அண்ணை.”

“சின்னனிலும் உனக்கு அடிமடிப்புச் சரிவரேல்லை.”

வீட்டுக்கு வரும்படி கேட்டோம். நண்பர்கள் காத்திருக்கிறார்கள் என்றோம். “நீ போ. நான் பிறகு வாறன்” என்றார். அன்று அவர் வரவில்லை.

திரும்பி வந்தபோது நண்பர்கள் கூழைத் தொடாமல் இருந்தனர். ஏழு பிளாக்களிலும் வார்த்து, தேங்காய்ச் சொட்டைக் கடித்துக் கடித்துக் குடித்தோம். ஒன்றேனும் ஒழுகவில்லை. இரசாயன நண்பர் நண்டை மறந்து நான்கு பிளாக் குடித்தார். சித்திர வாத்தியார் தாம் குடித்த பிளாவைக் கழுவிக் காயவைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். அந்த அடிமடிப்பை வரைந்து பார்க்க வேண்டுமாம். கணித நண்பர் புறப்படும்போது எமது கையொப்பமிட்ட தாளை நெருப்பில் இட்டார். “உப்பு, அரிசி, புளி, முருங்கையிலை, பிளா. கணக்குத் தோற்றுப்போச்சு மாஸ்ரர்” என்றார்.

தூக்குச்சட்டி மூன்றாம் நாள் ஒரு பள்ளிப் பையன் கையில் வந்தது. வெறுஞ் சட்டியைத் திருப்பி அனுப்புவது எம்மவர் வழக்கமன்று. உள்ளே பயற்றை விதை ஒரு பொட்டலமும் நாலு தேசிக்காயும் இருந்தன. பெரியண்ணை இன்னும் எமது வீட்டுக்கு வரவில்லை. நாம் இரண்டு முறை போய்வந்தோம். வழக்கு நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதனை எப்படி முடிப்பது என்று சட்டத்தரணிகள் இருவரிடமும் இருவரும் தனித்தனியே கேட்டிருக்கிறோம். வைப்பதிலும் பார்க்க எடுப்பது கடினம் போலும்.

அந்தக் கொப்பின் அடிக்கட்டையை அம்மா எறியவிடவில்லை. முருங்கை கட்டையிலிருந்தே தளிர்க்கும் மரம். மறுநாட் காலையிலேயே குழி கிண்டுவித்து, குழை தாட்டு, அதனை நாட்டினார். வெட்டுவாயில் நீர் இறங்காதபடி மேலே சாணம் அப்பினார். பழைய முருங்கை நின்ற இடம் மதிலோரம். இதனை மதிலிலிருந்து எவ்வளவு தள்ளி நடுவது என்று கேட்டோம். அம்மா மதிலையும் எம்மையும் பார்த்துவிட்டு, மதிலோரத்திலேயே நடச் சொன்னார். “கொப்பு அங்காலை போனால் போகட்டும்” என்றார். இப்போது அது தோளுயரம் தளிர்த்து நிற்கிறது. மயிர்க்கொட்டி வந்தால் என்ன செய்வதென்று இல்லாள் இப்பொழுதே கேட்கத் தொடங்கிவிட்டாள்.